கொல்லைக்குப் போனவரைக் கணக்கெடுப்பது எப்படி?

சமூக மருத்துவத்தில் பிஜி சேர்ந்துவிட்டீர்கள். கைடு ஒரு மதியம் டீ குடித்துக்கொண்டே, "பெரம்பலூர், அரியலூர் பக்கம் சர்க்கரை, பிரஷர்னு ஒரு சர்வே போட்டுடுப்பா, ரெண்டும் சின்ன மாவட்டம்தானே" என்று சொல்லியிருப்பார். தீசிஸ் கொடுக்க ஆறு மாதம்தான் இருக்கும். கவலை வேண்டாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் முதலில் அட்டையும் பேனாவுமாக, பிறகு டேப்லெட்டுமாக வருடக்கணக்கில் அலைந்தவன் நான். எந்தெந்த நாய் கடிக்கும் என்பதுவரை தெரியும். நான் சொல்கிறபடி செய்தால் உங்கள் அட்டவணைகள் எல்லாம் அழகாக வரும். உண்மையாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. அதை யாரும் கேட்கப்போவதும் இல்லை.

முதலில் மாவட்டம். இதன் வரலாற்றை நோண்டாதீர்கள். பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. 2002 மார்ச் கடைசியில் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரித்தார்கள். அதாவது செந்துறையில் ஒரு தாத்தா திண்ணையைவிட்டு இறங்காமலேயே பன்னிரண்டு வருடத்தில் நான்கு தடவை மாவட்டம் மாறியிருக்கிறார். "பத்தாண்டுகளில் சிசு மரணம் குறைந்தது" என்று நீங்கள் கோடு இழுக்கும்போது, குறைந்தது மரணமா, எல்லையா என்று ஒரு சந்தேகம் வரும். தடிமனான கோடாக இழுங்கள், தெரியாது.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர் 5,65,223 பேர், அரியலூர் 7,54,894 பேர். 2021-ல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு வரவில்லை. 2011-ல் தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று உயர்நிலைப் பள்ளிக்கு சைக்கிளில் போகிறது. ஆனாலும் வகுக்கும் எண் அதேதான். மேலே நோயாளிகள் மட்டும் இந்த வருடத்து ஆட்கள்.

எத்தனை பேரைப் பார்ப்பது? 4pq வகுத்தல் L ஸ்கொயர். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி நூலகங்களில் தூசி படிந்த தீசிஸ்களைப் பிரித்தால் பெரும்பாலும் இருபதாம் பக்கத்தை ஒட்டி இந்தச் சூத்திரம் உட்கார்ந்திருக்கும். p ஐம்பது, q ஐம்பது, L ஐந்து என்று போட்டால் 400. பதில் சொல்லாதவர்களுக்காகப் பத்து சதவீதம் சேர்த்தால் 440. பெரம்பலூருக்கும் 440, சீனாவுக்கும் 440. இந்த இடத்தில் மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு சோறு பதம் என்றால் பானையோ அண்டாவோ வித்தியாசமில்லை. கிளறிவிட்டு எடுத்தோமா என்பதுதான் கேள்வி. உங்கள் அதிர்ஷ்டம், கிளறினீர்களா என்று வைவாவில் யாரும் கேட்பதில்லை.

கிளறுவதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போயிருக்கிறது என்று பார்க்க, 30 ஊர்களில் ஊருக்கு 7 குழந்தைகள் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு முறையைப் பரப்பியது. ஹெண்டர்சனும் சுந்தரேசனும் 1982-ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. ஊர் நடுவில் நின்று பாட்டிலையோ பேனாவையோ சுழற்ற வேண்டும். அது காட்டும் திசையில் போய் ஒரு வீட்டைப் பொறுக்கி, அங்கிருந்து அடுத்தடுத்த வாசல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்மூரில் "ஊர் நடு" எது? கோயில் முன்னால், டீக்கடைப் பக்கம். பேனா எந்தப் பக்கம் சுற்றினாலும் நிழலுள்ள தெருவில்தான் நிற்கும். காலனி அரைக் கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்குப் பேனாவுக்குப் பார்வை எட்டாது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஏறக்குறைய பத்தில் மூவர் பட்டியல் இனத்தவர். உங்கள் அட்டவணையில் அது பத்தில் ஒன்றாக வந்தால், "மறுப்பு விகிதம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் போட்ட கையேட்டில் வீடுகளை முழுசாகப் பட்டியல் எடுத்துக் குலுக்கச் சொல்லியிருக்கிறது. அதைத் தரவிறக்கம் செய்து வையுங்கள், திறக்க வேண்டாம்.

ஊர் தேர்வுக்கு நெடுஞ்சாலையே துணை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னை, திருச்சி பஸ் எல்லாம் நிற்கும். பாடாலூர், சிறுவாச்சூர் என்று பஸ் நிற்கிற இடங்களாகப் பாருங்கள். சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும், அன்று மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் உள்ளூர்க்காரர் யார், திருச்சிக்காரர் யார் என்று தெரியாது. பச்சைமலை அடிவாரத்து மலையாளப்பட்டிப் பக்கமோ, கொள்ளிடக் கரையில் திருமானூரைத் தாண்டியோ குலுக்கலில் விழுந்தால், "நிர்வாகக் காரணங்களால்" மாற்றிக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியாளன் தார்ச்சாலை ஓரத்து ஏழையை மட்டுமே பார்க்கிறான் என்று ராபர்ட் சேம்பர்ஸ் 1983-லேயே புத்தகம் போட்டுத் திட்டிவிட்டார். ஆள் இங்கிலாந்துக்காரர், நம்மூர் டவுன் பஸ் நேரம் அவருக்குத் தெரியாது.

இந்த மாவட்டங்களில் இன்னொரு பயன் உண்டு. உங்கள் நண்பர்கள் சிலர் மண்ணியல் துறையில் இருப்பார்கள். அவர்கள் ஆய்வுப் பொருள் சாத்தனூர் கல்மரம், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் புதைந்த கடல் உயிரிகள். எப்போது போனாலும் இருக்கும். கொல்லைக்குப் போயிருக்காது.

கொல்லை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கழிப்பறைப் பயன்பாடு பற்றி ஒரு சர்வே. சென்னையிலிருந்து வந்த பையன், நல்ல பையன், சுறுசுறுப்பானவன். மாலையில் அவன் படிவங்களைப் புரட்டினால் ஆண்டிமடம் பக்கத்து ஒரு தெரு முழுக்கத் திறந்தவெளிப் பழக்கம். வீட்டு வாசலில் கழிப்பறை, அரசு மானியத்தில் கட்டியது, நான் கண்ணால் பார்த்தேன். "எப்படிப்பா?" என்றேன். "அண்ணே, வாசல்ல நின்னு கேட்டேன். அம்மா எங்கன்னு கேட்டா, கொல்லைக்குப் போயிருக்குன்னு சொல்றாங்க. எல்லா வீட்லயும் அதேதான்." இந்தப் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம். முந்திரிக் கொல்லை, சோளக் கொல்லை. களை எடுக்கப் போன ஒரு தெருப் பெண்களை அவன் புதருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டான். நீங்கள் அந்த மாதிரி விசாரித்துத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், வேலை முடியாது.

அதே மாதிரிதான் மருந்து. "கடந்த பதினைந்து நாளில் மருந்து எடுத்துக்கொண்டீர்களா?" என்று அச்சடித்த கேள்வி இருக்கும். மருந்து என்றால் இங்கே மூன்று. மாத்திரை என்று நீங்கள் நினைக்கிற மருந்து. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கிற மருந்து. குடிக்கிற மருந்து. 2017-ல் இந்தப் பக்கத்துப் பருத்திக் காடுகளில் மருந்தடித்த விவசாயிகள் சிலர் இறந்தது செய்தியானது. அந்த வருடம் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் மூலையில் சாத்தியிருந்த தெளிப்பானையே பார்த்தார். டேப்லெட்டில் இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. ஆம், இல்லை. அது இல்லாமல், தெரியாது என்றால் 98, பதில் இல்லை என்றால் 99 என்று குறியீடு. நான் 99 போட்டேன்.

ஆண்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் என்றால் பாதிப்பேர் வளைகுடாவில். மற்ற ஊர் என்றால் திருப்பூரில். மிச்சமுள்ளவர் மாலை ஏழு மணிக்குக் கிடைப்பார், ஆனால் ஏழு மணிக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். நாடு தழுவிய ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வே 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளுக்குப் போய், 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும்தான் பேசியது. ஆண்களுக்கான கேள்விகளைச் சில வீடுகளில் மட்டுமே கேட்பது அதன் திட்டம்தான். மாவட்டத்துக்குச் சராசரியாக 144 ஆண்கள் வருகிறார்கள். உங்களுக்கு அந்தத் திட்டமும் தேவையில்லை. மனைவியிடமே கேளுங்கள். "உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா?" "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க." பின்னால் மாமியார் முறத்தில் புடைத்துக்கொண்டே சிரிப்பார். சிரிப்புக்குக் குறியீடு கிடையாது.

வயது. இங்கே ரொம்பப் பேருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. ஐம்பத்து மூன்று வயதுக்காரர் அபூர்வம். இந்தக் குவியலை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. எல்லாரும் வயதைச் சரியாகச் சொன்னால் 100, எல்லாரும் சைபரிலும் ஐந்திலும் முடித்தால் 500. அதைக் கணக்குப் போடாதீர்கள், மனசு கஷ்டப்படும். பழைய ஆட்கள் ஊரறிந்த சம்பவங்களை வைத்து வயது கண்டுபிடிப்பார்கள். எம்ஜிஆர் இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா? இந்திரா காந்தி சுடப்பட்டபோது எத்தனை பிள்ளை? அரியலூரில் இதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. 1956 நவம்பர் 23, விடிவதற்கு முன்னால், வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஓர் அப்பாயியிடம் அதைச் சொல்லித்தான் கேட்டேன்.

"ரயிலு ஆத்துல உழுந்தப்ப நீங்க எவ்ளோ பெரிசு அப்பாயி?"

"நா அப்பதான் எட்டு வச்சு நடக்குறேன். எங்காத்தா வயித்துல எந்தம்பி. மழன்னா மழ, அப்புடி மழ."

ஆதார் அட்டையில் அவருக்குப் பத்து வயது கூட்டிப் போட்டிருந்தார்கள். சரியான வயது கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடமும் ஒரு சொம்பு நீர்மோரும் ஆனது. நீங்கள் ஆதாரைப் பார்த்து எழுதிக்கொண்டு கிளம்புங்கள். (அரியலூர் இரண்டாம் முறை மாவட்டமானதும் அதே நவம்பர் 23 அன்றுதான். இதில் ஒரு புள்ளியியல் உண்மையும் இல்லை. ஆனால் உங்களைப் போன்றவர்கள் இதற்கும் ஒரு p மதிப்பு கண்டுபிடிப்பீர்கள்.)

பிரஷர் பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் முறை ஒன்று உண்டு. பதினைந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, மூன்று நிமிட இடைவெளியில் மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். ஓர் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் என்று வைத்தாலும் 440 பேருக்கு 183 மணி நேரம். நூறு நாள் வேலைக்குக் கிளம்பி நிற்கிற அம்மாவிடம் "சும்மா உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் பிரஷர் ஏறும். எனவே ஒரு தடவை. அல்லது பாதித் தடவை. 120/80 என்பது அழகான எண், தாராளமாகப் பயன்படுத்துங்கள். பழைய பாதரசக் கருவியில் இரண்டு இரண்டாகத்தான் கோடு இருக்கும். ஒழுங்காகப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுதான் சைபரில் முடிய வேண்டும். நான் பார்த்த ஒரு படிவக் கட்டில் பத்துக்கு ஒன்பது சைபரில் முடிந்தது. அந்த ஊரில் இதயங்கள் அவ்வளவு ஒழுக்கமாகத் துடித்திருக்கின்றன.

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் அதே கதைதான். "சாப்டீங்களாம்மா?" "இல்லப்பா, டீ மட்டும்தான்." டீ உணவா என்பதைப் பற்றி நெறிமுறைக் குழு எதுவும் சொல்லவில்லை.

குழந்தைகளைப் பற்றிக் கேட்கும் பகுதிதான் நீளம், அதனால் சுருக்குங்கள். தேசிய ஆய்வில் எத்தனை குழந்தை என்று ஒரே கேள்வியாகக் கேட்க மாட்டார்கள். உங்களோடு இருக்கும் மகன் எத்தனை, மகள் எத்தனை. வேறிடத்தில் இருக்கும் மகன், மகள். இறந்துபோன மகன், இறந்துபோன மகள். ஆறு கேள்வி. "எத்தனை பிள்ளைங்க?" என்று ஒன்றாகக் கேட்டால் "ரெண்டு" என்று உடனே வரும். ஆறாகக் கேட்டால் ஆறாவதில் ஓர் இடைவெளி வரும். உடையார்பாளையம் பக்கம் ஒருத்தர், ஐந்து வரை மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர், ஆறாவதில் பேச்சை நிறுத்தி, வெந்நீர் அடுப்பை ஊதப் போய்விட்டார். திரும்பி வந்து, "ஒம்பது நாள் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2011-ல் அரியலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதலாம். அதே கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு 897 பெண்கள். பெரம்பலூரில் 913. மாநிலத்தில் 943. நீங்கள் 1,015-ஐ முதல் பத்தியில் போடுங்கள். 897 பின்னிணைப்பில் இருக்கட்டும்.

இறப்புக்கான காரணம் கேட்கும் சர்வே கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை நான் எப்படி வேடிக்கையாகச் சொல்வது என்று தெரியவில்லை. இறந்தவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டு எழுத வேண்டும். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். பக்கத்து விழுப்புரத்தில் 32,000, சென்னையில் 48,000 என்று 80,000 பெரியவர்களின் மரணத்தை கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் இப்படித்தான் விசாரிக்க வைத்தார்கள். பீடி, சிகரெட் எப்படிக் காசநோயோடு சேர்ந்து நம் ஆண்களைக் கொல்கிறது என்று 2003-ல் உலகத்துக்குத் தெரிந்தது அந்த வீட்டுவாசல்களிலிருந்துதான். வேலூர் சிஎம்சிக்காரர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை வீடு வீடாக இறப்பை விசாரித்தார்கள். வருடத்துக்கு லட்சத்தில் 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். காவல்துறைக் கணக்கில் நாட்டுக்கு அது லட்சத்துக்குப் பத்துப் பதினொன்று. மிச்சப் பேர் எங்கே போனார்கள்? "தீராத வயிற்றுவலி" என்ற வரியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அங்கேதான்.

அந்த வீடுகளில் நீங்கள் கேட்பதை எழுதிக்கொள்வதும் கஷ்டம், எழுதாமல் விடுவதும் கஷ்டம். பேனாவை மூடி வைத்துவிட்டு அரைமணி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அரைமணிக்குப் படி கிடையாது.

சரி, படிவம் நிரம்பிவிட்டது. இனி கம்ப்யூட்டர். ஃபிஷர் 1925-ல் எழுதிய புத்தகத்திலிருந்து 0.05 என்ற எல்லைக்கோடு நமக்கு வாய்த்தது. அதற்குக் கீழே வந்தால் கண்டுபிடிப்பு, மேலே போனால் குப்பை. உங்கள் படிவத்தில் எண்பது கேள்வி இருக்கிறதா? எண்பதையும் சர்க்கரையோடு ஒவ்வொன்றாக மோத விடுங்கள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் எண்பதில் நாலு தற்செயலாகத் தேறும். காது குத்திய வயதுக்கும் சர்க்கரைக்கும் உறவு வரலாம். வந்தால், ஏன் என்று விளக்க இரண்டு பத்தி யோசித்து வையுங்கள். மீதி எழுபத்தாறைப் பற்றி வாய் திறக்காதீர்கள். சிமெண்ட் ஆலைப் பக்கத்து ஊரில் இருமல் கூடுதலாக வந்தால் உடனே ஆலையைச் சொல்லிவிடலாம். அங்கே பீடி எத்தனை பேர் பிடிக்கிறார்கள், விறகடுப்பு எத்தனை என்று பார்த்தால் கட்டுரை நீண்டுவிடும். வராவிட்டால் ஆலையை மன்னித்துவிடலாம். இருமல் தாங்காமல் வேறூருக்குப் போனவர்களைக் கணக்கில் எடுத்தால் அதுவும் நீளும்.

ஒன்றுமே வரவில்லை என்றால் எழுதாதீர்கள். செங்கல்பட்டில் 1968-ல் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து பிசிஜி தடுப்பூசிச் சோதனை ஆரம்பித்தார்கள். பதினைந்து வருடம் விடாமல் பின்தொடர்ந்துவிட்டு, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று அச்சிலும் போட்டார்கள். எவ்வளவு பேர் முகம் சுளித்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிழைக்கத் தெரியாதவர்களை முன்மாதிரியாக எடுக்காதீர்கள்.

கடைசியாக நர்ஸம்மா. கிராம சுகாதார செவிலியர் என்பது அரசாணையில், ஊரில் நர்ஸம்மாதான். எல்லாருக்கும் சுகாதாரம் என்ற திட்டத்தை 2017-ல் தமிழ்நாட்டில் மூன்று ஒன்றியங்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள்: கிருஷ்ணகிரியில் சூளகிரி, புதுக்கோட்டையில் விராலிமலை, இங்கே பெரம்பலூரில் வேப்பூர். துணை சுகாதார நிலையத்தைப் பலப்படுத்தி, பிரஷர், சர்க்கரைக்கான கவனிப்பை ஊருக்குள்ளேயே கொடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஐஐடி மெட்ராஸ்காரர்கள் அதை மதிப்பிட்டார்கள். பிறகு 2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரிப் பக்கத்து சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இந்த எல்லாத் திட்டத்துக்கும் எண்களை எழுதியவர் நர்ஸம்மாதான். எந்த வீட்டில் யாருக்குப் பிரஷர், யார் மாத்திரையை வாங்கி அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறார், யார் பேத்திக்கு ரத்தசோகை என்பது அவருக்கு நோட்டைத் திறக்காமலே தெரியும். நாய்க்கும் அவரைத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு போய் வீடு கண்டுபிடியுங்கள். அவருடைய பதிவேட்டை மட்டும் கேட்காதீர்கள், உங்கள் எண்ணோடு பொருந்தாது. கட்டுரையில் நன்றியுரையில் "களப்பணியாளர்கள்" என்று பன்மையில் ஒரு சொல் போதும்.

கிளம்பும்போது ஒரு தொல்லை வரும். தகவல் தாளைப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, பையை மூடும் நேரத்தில் அந்த அப்பாயி கேட்பார்: "போன வருசமும் ஒரு தம்பி வந்து ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. அதுக்கு மொத ஒரு பொண்ணு. எனக்கு என்ன இருக்குன்னு நீங்க யாரும் வந்து சொல்லவே இல்லியே, என்னப்பா இருக்கு எனக்கு?"

இது படிவத்தில் இல்லாத கேள்வி. 98-ஐ அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.